பேயைக் காட்டியே தீருவேன் என்றவர்கள்

1953இல் பில் டக்கர் என்ற இளம் இயக்குநருக்கு ஒரு ரோபோ தேவைப்பட்டது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து மனித குலத்தையே துடைத்தெறிகிற ரோபோ. அதற்கு உடை செய்யக் கையில் காசு இல்லை. ஆனால் ஜோர்ஜ் பாரோஸ் என்ற நடிகரை அவருக்குத் தெரியும். பாரோஸிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. யாருடைய படத்திலாவது குரங்கு வந்தால் அதை மாட்டிக்கொண்டு போய் நடித்துவிட்டு வருவார். சரி, கழுத்துக்குக் கீழே கொரில்லா, கழுத்துக்கு மேலே சுழியோடிகள் அணிவது போன்ற தலைக்கவசம், அதன் மேல் அன்டெனா. ரோபோ தயார். நான்கே நாளில், சுமார் 16,000 டொலரில் 'ரோபோ மொன்ஸ்டர்' எடுத்து முடிந்தது. அந்த ஜந்துவின் குகையில் இருக்கிற முக்கியமான விஞ்ஞானக் கருவி, சவர்க்காரக் குமிழி விடுகிற ஒரு இயந்திரம். அதைக் கொடுத்துதவிய கம்பனியின் பெயரும் எழுத்தோட்டத்தில் மரியாதையாக வருகிறது.

எழுபது வருடம் கழித்தும் ஆட்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். அதே ஆண்டில் பல மடங்கு செலவில் வந்த எத்தனையோ படங்களின் பெயர்கூட இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. 'அவ்வளவு மோசமாக இருப்பதால்தான் பிடிக்கிறது' என்று இதற்கு ஒரு ரெடிமேட் விளக்கம் உண்டு. எனக்கு அது போதவில்லை. மோசமான படங்கள் வாரா வாரம் வருகின்றன. அவற்றில் எதையும் இரண்டாம் தடவை பார்க்க யாருக்கும் ஆசை வருவதில்லை.

காசில்லாமல் பேய்ப்படம் எடுக்கப் போகிறவருக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பேயை மறைப்பது. 1942இல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ வல் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் ஒரு தலைப்பையும் கொஞ்சக் காசையும் கொடுத்து 'கேட் பீப்பிள்' எடுக்கச் சொன்னது. சிறுத்தையாக மாறும் பெண்ணின் கதை. லூட்டனும் இயக்குநர் ஜக் டூர்னரும் சிறுத்தையைக் கிட்டத்தட்டக் காட்டவே இல்லை. ஓர்சன் வெல்ஸின் படத்துக்காகக் கட்டி மிஞ்சியிருந்த மாடிப்படியைக் கதாநாயகியின் வீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரவில் ஒரு பெண் தனியே நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. சீறும் சத்தத்தோடு திரைக்குள் எதுவோ பாய்கிறது. பார்த்தால் பஸ். அந்த உத்தியைத்தான் இன்றைக்கும் பேய்ப்படக்காரர்கள் வெட்கமில்லாமல் பாவிக்கிறார்கள். இந்த வழியில் போனவர்களுக்கு விமர்சகர்களின் மரியாதை கிடைத்தது.

மற்ற வழி, பேயைக் காட்டுவது. கையில் இருப்பது கொரில்லா உடையாக இருந்தாலும் காட்டுவது. பகிடியும் பாசமும் கலந்த அந்த விநோத ரசிப்பு முழுக்க இந்த இரண்டாவது வகைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. டிக்கட் வாங்கியவருக்குப் பேய் காட்டுவதாகச் சொன்னோம், இந்தா பேய் என்று முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற ஒரு நேர்மை அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வகை ஏன் ஐம்பதுகளில் பெருகியது என்பதற்குக் கணக்கு வழக்கான காரணங்கள் உண்டு. பெரிய ஸ்டூடியோக்கள் படமாளிகைகளையும் தாங்களே வைத்திருக்கக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு, ஒரு டிக்கட்டுக்கு இரண்டு படம் என்ற பழைய ஏற்பாட்டில் இரண்டாவதாக ஓடிய சின்னப் படங்களை எடுப்பதில் பெரியவர்களுக்கு அக்கறை குறைந்தது. தொலைக்காட்சி வந்து பெற்றோரை வீட்டில் உட்கார வைத்தது. காரில் இருந்தபடியே பார்க்கிற திறந்தவெளித் திரைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள். அவர்களுக்காக 1954இல் தொடங்கிய ஒரு கம்பனிதான் அமெரிக்கன் இன்டர்நெஷனல் பிக்சர்ஸ். அவர்களுடைய வேலை முறை விசித்திரமானது. முதலில் தலைப்பு, பிறகு சுவரொட்டி, அதற்கு நல்ல வரவேற்பு இருந்தால்தான் கதை. அதனால்தான் அந்தக் காலச் சுவரொட்டிகள் படத்தைவிட நன்றாக இருக்கும். சுவரொட்டியில் நகரத்தையே விழுங்குகிற பூதம், படத்தில் ஒரு பற்றைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்க்கும்.

அந்தக் கம்பனிக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர்களில் பிரதான ஆள் ரொஜர் கோர்மன். 2024இல் 98 வயதில் இறக்கும்வரை சிக்கனத்தை ஒரு கலையாகவே செய்தவர். 1960இல் வந்த 'த லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்' படத்தின் பெரும்பகுதியை இரண்டு பகல் ஒரு இரவில் எடுத்தார். வேறு படத்துக்குப் போட்ட செட் கழற்றப்படாமல் இருந்ததுதான் அவசரத்துக்குக் காரணம். 1963இல் இதையும் மிஞ்சினார். 'த ரேவன்' முடிந்த பிறகு அந்தக் கோட்டை செட்டை உடைக்கச் சில நாட்கள் இருந்தன. பழைய பேய்ப்பட நட்சத்திரம், வயதான பொரிஸ் கார்லொஃபும் கையில் இருந்தார். கதை முழுமையாக இல்லாமலே அவரை அந்தப் படிகளில் ஏறவும் இறங்கவும் கதவுகளைத் திறக்கவும் வைத்துப் படம் பிடித்துக்கொண்டார். மிச்சத்தைப் பல மாதங்களாக ஆளுக்கொரு பகுதியாக எடுத்து ஒட்டினார்கள். அப்படி எடுத்தவர்களில் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவும் ஒருவர். 'த டெரர்' என்று வெளிவந்த அந்தப் படத்தின் கதை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கார்லொஃப் இன்னும் இரண்டு நாள் வேலை கடன்பட்டிருக்கிறார் என்று சொல்லி, அந்த இரண்டு நாளைப் பீட்டர் பொக்டனோவிச் என்ற புதியவரிடம் ஒப்படைத்தார் கோர்மன். அதிலிருந்து வந்தது 'டார்கெட்ஸ்' என்ற அருமையான படம். கடன் வசூலிலும் கலை பிறக்கும் போல.

கோர்மன் கெட்டிக்காரர், தான் செய்வது என்னவென்று தெரிந்தவர். எட் வூட் என்ற இயக்குநர் அப்படியல்ல. இந்த ரசிப்பின் குலதெய்வம் அவர்தான்.

1931இல் டிராகுலாவாக உலகத்தை நடுங்க வைத்த பேலா லுகோசி, தன் கடைசிக் காலத்தில் வேலையும் காசும் இல்லாமல் வூட்டோடு ஒட்டிக்கொண்டார். 1956 ஓகஸ்டில் இறந்தும் போனார். வூட்டிடம் லுகோசியை வைத்து எடுத்த சில நிமிடப் படச்சுருள் மட்டும் மிஞ்சியிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அதை நினைவாகப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். வூட் அதைச் சுற்றி ஒரு முழுப் படத்தையே கட்டினார். லுகோசி வரவேண்டிய மற்றக் காட்சிகளில் தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவரை நடிக்க வைத்தார். வைத்தியர் லுகோசியைவிட நல்ல உயரம், முகமும் வேறு. அதனால் படம் முழுக்கக் கறுப்புப் போர்வையால் மூக்குவரை மறைத்தபடியே நடமாடுகிறார். ஒரு பாப்டிஸ்ட் சபைக்காரர் காசு போட்டார். அதற்காக வூட்டும் அவருடைய ஆட்கள் சிலரும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். இப்படித்தான் 'பிளான் 9 ஃப்ரொம் அவுட்டர் ஸ்பேஸ்' உருவானது.

அதில் விமானி அறைக் காட்சி ஒன்று வருகிறது. இரண்டு கதிரைகள், கதவுக்குப் பதிலாகக் குளியலறையில் போடுவது போன்ற ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான் விமானம். சுவரில் மைக்கின் நிழல் விழுகிறது. மயானத்தில் ஆட்கள் நடந்தால் கல்லறைக் கற்கள் ஆடுகின்றன. ஒருவர் பகலில் ஓடத் தொடங்கி இரவில் ஓடி முடிக்கிறார். ஆனால் நடிக்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். ஒருவர்கூடக் கண்ணடிக்கவில்லை. பறக்கும் தட்டு நூலில் தொங்குவது நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. உலகம் அழியப் போகிறது என்று உண்மையாகவே கவலைப்படுகிறார்கள். 1980இல் ஒரு அமெரிக்கப் புத்தகம் இதை உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகுதான் படத்துக்குச் சுக்கிர திசை. 1994இல் டிம் பேர்டன் வூட்டின் வாழ்க்கையைப் படமாக்கினார், அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லண்டாவுக்கு ஒஸ்கார் கிடைத்தது.

1964இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், அளவுமீறியதையும் கைகூடாமல் போனதையும் ரசிக்கிற இந்த 'கேம்ப்' ரசனையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். தெரியாமல் வருவது ஒன்று, தெரிந்தே செய்வது இன்னொன்று. முதலாவதுதான் அசல் என்பது அவர் கட்சி. முழு மனதோடு ஒன்றைச் செய்யப் போய் அது கைகூடாமல் போக வேண்டும், ஆனால் அந்த மனது வெளியே தெரிய வேண்டும். அரைகுறை ஆசையோடு செய்து தோற்றால் அது வெறும் சலிப்பு. ஆசை அளவுக்கு மீறி இருந்து கையில் ஒன்றும் இல்லாமல் தோற்றால் அது வூட்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் ரசனை என்று நினைத்தால் தவறு. நம் பக்கத்தில் இதற்கு ஒரு சக்கரவர்த்தியே இருந்தார். தெலுங்கில் மாயாஜாலப் படங்களாக எடுத்துத் தள்ளிய பி. விட்டலாச்சார்யா. அவருடைய படங்கள் தமிழில் டப் ஆகி வந்து சக்கைபோடு போட்டன. அவர் படத்தில் நடிக்கிறவர் சம்பளத்துக்கு அடம்பிடித்தால் அடுத்த காட்சியிலேயே ஒரு முனிவர் வந்து சபித்து, கதாநாயகன் கிளியாகவோ ஆடாகவோ மாறிவிடுவான், படப்பிடிப்பு நிற்காது என்று சினிமா வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு நம்பச் சிரமம் இல்லை.

1978இல் வந்த அவருடைய 'ஜெகன்மோகினி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயமாலினி பேயாக வருகிறார். அடுப்பெரிக்க விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி வைத்துச் சமைக்கிற பேய். அந்தக் காட்சியைப் பார்த்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அதை மறக்கவில்லை. இதில் தந்திரம் என்று பெரிதாக எதுவும் இல்லை, பொய்க் கால் என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு நல்ல கற்பனை! ஒரு வீட்டின் சமையலறை, மருமகள் வேலை, விறகுத் தட்டுப்பாடு, இவ்வளவு சாதாரணமான இடத்துக்குள் பேயைக் கொண்டுவந்து குந்த வைத்துவிட்டார் மனிதர். எத்தனை கோடி ரூபாய் கிராஃபிக்ஸ் செய்தாலும் இப்படி ஒரு யோசனை தானாக வராது. 2009இல் நமீதாவை வைத்து அதே பெயரில் திரும்ப எடுத்தார்கள். ஆனால் ஜெகன்மோகினி என்றால் ஆட்களுக்கு இன்றும் ஞாபகம் வருவது பழைய அடுப்புத்தான்.

ஹிந்தியில் ராம்சே சகோதரர்கள். ஏழு பேரும் ஒளிப்பதிவு, ஒலி, எழுத்து, இயக்கம் என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்ட குடும்பம். இவர்கள் பேய்க்கு வந்த கதையும் சுவையானது. தகப்பனார் 1970இல் பிருத்விராஜ் கபூரை வைத்து எடுத்த ஒரு படம் படுத்துவிட்டது. ஆனால் அதில் பயங்கர முகமூடி போட்டுக்கொண்டு வந்து திருடும் ஒரு காட்சிக்கு மட்டும் சனங்கள் ஆர்ப்பரித்ததைப் பிள்ளைகள் கவனித்தார்கள். அந்த ஒரு காட்சியை முழுப்படமாக்கினால் என்ன? 1972இல் தொடங்கிய அந்தப் பயணத்தின் உச்சம் 1984இல் வந்த 'புரானா மந்திர்'. அதில் சாம்ரி என்ற பூதமாக நடித்த அனிருத் அகர்வாலின் உயரமும் முக வெட்டுமே பாதி ஒப்பனையை மிச்சம் பிடித்துக் கொடுத்தன.

கொழும்புத் தமிழர்களுக்கு இந்தப் படங்கள் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லாமல் அவற்றின் ருசியை விளக்க முடியாது. எழுபதுகளில் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு இறக்குமதி போன பிறகு இந்தியப் படங்கள் அளந்துதான் வந்தன. 1983 ஜூலையில் தமிழர்களுக்குச் சொந்தமான படமாளிகைகள் எரிந்தன, ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அதற்குப் பிறகு இரவுக் காட்சிக்குப் போய்வருவது பல குடும்பங்களுக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடியோ கடைகள் வந்தன, டெக்கை வாடகைக்கு எடுக்கலாம், படம் வீட்டுக்குள் வந்தது. ஆகவே என் வயதுக்காரர்கள் பலர் பேய்ப்படம் பார்த்தது இருட்டுத் தியேட்டரில் அல்ல. ஹோலில் பாய் விரித்து, மச்சான்மார், மச்சாள்மார், மாடி வீட்டுப் பிள்ளைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டு, சன்னல் எல்லாம் சாத்தித்தான் பார்த்தோம்.

அந்த அறையில் படத்தைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது சின்னச் சித்தப்பா. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "டேய், பேயின்ட கையில மணிக்கூடு கிடக்கு, பார்" என்பார். ஒரு டப்பிங் படத்தில் உண்மையாகவே கிடந்தது. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடமாவது ஆகும். ஆனால் அப்படிச் சிரித்த ஒருவனும் அன்றிரவு தனியே பாத்ரூம் போக மாட்டான். சிரிப்பு பயத்தை இல்லாமல் செய்துவிடும் என்று சொல்கிறவர்கள் இப்படி ஒரு ஹோலில் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தன.

அமெரிக்காவில் இதே வேலையைத் தொலைக்காட்சி சம்பளம் கொடுத்துச் செய்வித்தது. 1954இல் லொஸ் ஏஞ்சலிஸில் வம்பயிரா என்ற பெயரில் கறுப்பு உடையணிந்த பெண் ஒருவர் பழைய படங்களுக்கு நடுவே வந்து நக்கலடித்தார். அவரே பிறகு வூட்டின் படத்திலும் நடித்தார். 1957இல் யுனிவர்சலின் பழைய படங்கள் 52ஐ ஒரு கட்டாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றபோது, ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் சவப்பெட்டிக்குள் இருந்து எழும்பி அறிமுகம் செய்யத் தொடங்கினார். எல்லாரும் ஒருவகைச் சித்தப்பாக்கள்தான்.

பேயை முன்னால் நிறுத்திச் சிரிக்கிற பழக்கத்துக்கு இந்தத் தீவில் சினிமாவைவிட வயது அதிகம். தென்பகுதிச் சிங்களவர்களின் சன்னி யகும சடங்கு நோயாளிக்காக இரவு முழுக்க நடக்கும். நோய்களுக்குக் காரணமான 18 சன்னி யக்குகள், அதாவது பேய்கள், முகமூடியோடு வருவார்கள். கோணல் வாய், துருத்திய பல், பிதுங்கிய கண். அம்பலாங்கொடையில் செதுக்குகிற இந்த வகை முகமூடிகளைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். வந்த யக்கோடு மேளகாரர் வாய்ச்சண்டை பிடிப்பார், யக்கு உளறும், தடுக்கி விழும், கெட்ட பகிடி விடும். சுற்றியிருக்கிற சனங்களோடு நோயாளியும் சிரிக்க வேண்டும். புரூஸ் கப்ஃபரர் என்ற மானிடவியலாளர் காலிப் பக்கத்துச் சடங்குகளை ஆராய்ந்து 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். பேயின் பிடி தளர்வதில் அந்தக் கூத்துச் சிரிப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது அதன் முக்கியமான வாதங்களில் ஒன்று. ஆனால் பேய் முதலில் பயங்கரமாக வரவேண்டும். தொடக்கத்திலேயே கோமாளியாக வந்தால் சிரிப்பில் பலன் இல்லை.

இப்போதைய பேய்ப் பகிடிப் படங்களில் எனக்குள்ள குறை இதுதான். 2011இல் 'காஞ்சனா' வந்தது, 2014இல் 'அரண்மனை', பிறகு வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. காஞ்சனாவை நானும் ரசித்தவன்தான். ஆனால் எங்கே சிரிக்க வேண்டும் என்று படமே சொல்லித் தருகிறது. பார்க்கிறவன் தானாகக் கண்டுபிடித்துச் சிரிக்க ஒரு மணிக்கூட்டைக்கூட விட்டு வைக்கவில்லை. அமெரிக்காவில் 2013இல் சூறாவளியில் சுறாக்கள் பறக்கிற 'ஷார்க்னேடோ' என்ற தொலைக்காட்சிப் படம் வந்து பெரிய பேச்சானது. வேண்டுமென்றே மட்டமாக எடுத்தது. பத்து நிமிடம் சிரிக்கலாம், அதற்கு மேல் முடியவில்லை.

மலிவான கிராஃபிக்ஸுக்கும் மலிவான றப்பருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. றப்பர் பூதம் நடிகை நிற்கிற அதே வெளிச்சத்தில் நிற்கிறது, அவள் அதைத் தொடலாம், அடிக்கலாம். உள்ளே ஒரு மனிதன் வியர்த்து வழிந்துகொண்டிருக்கிறான் என்பதை நம் உடம்பே உணரும். கணினியில் மட்டமாக வரைந்த பேய் யார் மேலும் நிழல் விழுத்துவதில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கவும் தோன்றாது, பயப்படவும் தோன்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படங்களின் நூலும் ஒட்டும் எல்லாக் காலத்திலும் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. தேய்ந்த பிரதி, மங்கலான விளக்கு, பிரதியின் பிரதியாக வந்த கசெட், இவை எல்லாம் பாதிக் குறையை மூடின. இன்று பழைய நெகடிவைக் கழுவித் துடைத்து உயர் தரத்தில் வெளியிடுகிறார்கள், கல்லறைக் கல்லின் அட்டை மடிப்புவரை தெரிகிறது. தாத்தா நடுங்கியதும் பேரன் சிரிப்பதும் ஒரே படத்துக்குத்தான், ஆனால் இருவர் கண்ணிலும் பட்டது ஒன்றல்ல.

காட்டுகிற வழியில் போயும் யாரும் சிரிக்காத ஒரு படம் உண்டு. 1968இல் பிட்ஸ்பேர்க் பக்கத்தில் ஜோர்ஜ் ரொமேரோ சுமார் 114,000 டொலரில் எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்'. இரத்தத்துக்குச் சொக்லட் பாணி, கறுப்பு வெள்ளையில் அது இரத்தம்தான். காசு போட்டவர்களில் ஒருவர் இறைச்சிக் கடைக்காரர், பிணங்கள் தின்னும் குடல் அங்கிருந்து வந்தது. வெளியிடும் நேரத்தில் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போக, படம் பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அதனால் பெரிய நட்டம், ஆனால் இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதைத் தனியே பார்ப்பதுதான் சரி.

வூட்டின் படம் அப்படியல்ல. தனியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் பார்த்தால் 'பிளான் 9' நடுவில் அப்படியே படுத்துவிடும், நித்திரை வரும். வீட்டில் நாலைந்து பேர் சேருகிற ஒரு போயா தினத்துக்கு ஒதுக்கி வையுங்கள், வாய்க்கொழுப்புள்ள ஒரு சித்தப்பாவையும் கூப்பிடுங்கள். 'ஜெகன்மோகினி'க்கு ஆள் சேர்க்கவே தேவையில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் பக்கத்து ஃப்ளட்காரரே கதிரையோடு வந்துவிடுவார்.